கஞ்சிக் கிடாரமும் ஈரல் மருந்தும்

அபூசாலி நானாவின் வயிற்றில் ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்தேன். நோன்புக்கு முதல் இதே திரையில் பால் ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்த ஈரல், இப்போது நன்றாக நிறம் மாறியிருந்தது. கொழுப்பு இறங்கியிருக்கிறது. என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "என்ன டொக்டர், ஆம்புளப் புள்ளையா?" என்றார் அவர். எத்தாளை ஊர்ப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் அவர்தான். ருசி பார்த்துப் பார்த்தே அந்த வயிறு வளர்ந்தது என்று ஊரில் கேலி செய்வார்கள்.

நான் யூனானி வைத்தியர், பெயர் நபீலா. கீழ்க்காய்நெல்லித் தூள் ஈரல் கொழுப்பைக் குறைக்குமா என்று சோதித்துப் பார்க்கப் பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கூடப் படித்தவர்களே 'கீரை வைத்தியம்' என்று கிண்டலடித்தார்கள். இது தேறினால் பெரிய அளவில் செய்ய விடுவார்கள். தேறாவிட்டால் என் கதை அதோடு முடிந்தது. எத்தாளையில் ஈரல் கொழுத்தவர்களைத் தேடிப் பிடித்து, பாதிப் பேருக்கு மருந்தும், பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே கசப்பில் வெறும் மாவும் கொடுத்தேன். பொட்டலங்களைக் கட்டி எண் போட்டது என் ஆய்வை மேற்பார்க்கும் பேராசிரியர். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, ஸ்கேன் முடியும்வரை எனக்கும் தெரியாது. மருந்து குடித்த பாதி தேறவேண்டும், மாவு குடித்த பாதி அப்படியே இருக்கவேண்டும். அவ்வளவுதான் சோதனை.

அடுத்து சாஹுல் ஹமீது படுத்தார். வள்ளத்தில் போகிறவர், முந்திய ஸ்கேனில் எல்லோரையும்விட மோசமான ஈரல் அவருடையதுதான். அதுவும் இறங்கியிருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அடுத்தவருக்கும் இறங்கியிருந்தது, அதற்கடுத்தவருக்கும். மத்தியானம் ஆகும்போதுதான் மண்டையில் உறைத்தது. வந்தவர்கள் எல்லோருமே தேறியிருக்கிறார்கள் என்றால் வெறும் மாவுமா ஈரலைத் துப்புரவாக்கும்?

வெளியே அபூசாலி நானாவின் மனைவி கமறியா, கணவருக்குச் சுகமான சந்தோஷத்தில் எனக்கென்று ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு காத்திருந்தார். பொட்டலங்களை எல்லோரும் ஒழுங்காகக் குடித்தார்களா என்று கேட்டேன். அவர் எதையும் ஒளிக்கவில்லை. நோன்பு தொடங்கிய கையோடு சாஹுல் ஹமீது தனக்கு மாவுதான் வந்திருக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் சந்தேகம். கமறியா வீடு வீடாகப் போய்ப் பொட்டலங்களைச் சேர்த்து எடுத்து, அன்றன்றைக்குக் கொஞ்சமாகப் பள்ளியில் கஞ்சி காய்ச்சும் பெரிய கிடாரத்தில் புருஷனைக் கொண்டு கொட்டவைத்திருக்கிறார்.

"ஒருத்தர் மருந்து குடிக்க, பக்கத்து ஊட்டுக்காரர் மாவக் குடிக்கிறதா டொக்டர்? நோன்போட அது அடுக்குமா? எல்லாரும்தான் குடிச்சம். கசப்புக்கு அவரு இஞ்சி கூடப் போட்டாரு."

எனக்கு வந்த கோபத்தில் வட்டிலப்பத்தைத் தொடவில்லை. ஊர் முழுக்க மருந்து குடித்திருக்கிறது, ஈரல் நல்லாயிருந்தவர்களும் சேர்த்து. இறங்கிய கொழுப்பு மருந்தால் இறங்கியதா, நோன்பால் இறங்கியதா, என் ஏச்சுக்குப் பயந்து எண்ணெயில் பொரித்ததை விட்டதால் இறங்கியதா? படைத்தவனுக்குத்தான் வெளிச்சம். ஆனால் முற்றத்தில் சாஹுல் ஹமீது தன் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்கமுடியும்?

மறைக்கலாமா என்ற நினைப்பு வளர்வதற்குள் பேராசிரியருக்குப் போன் எடுத்து உள்ளதைச் சொன்னேன். அவர், ஊரே குடித்ததா என்று கேட்டுச் சிரித்தார். இதைக் கணக்கில் எடுக்கமுடியாது, அடுத்த வருஷ நோன்பில் கலப்படம் இல்லாமல் இன்னொரு தடவை செய்து காட்டு, அதுதான் கடைசி என்றார்.

அந்தக் கணத்தில்தான் எனக்கு அது பளிச்சென்று தோன்றியது. ஆட்களைப் பிரித்தால்தானே பங்கு போடுவார்கள்? ஊர்களைப் பிரிப்போம். எத்தாளைக் கிடாரத்தில் மருந்து, உச்சமுனைக் கிடாரத்தில் மாவு. உச்சமுனை தீவு, நடுவில் அகன்ற களப்புத் தண்ணீர். யார் வந்து கலப்பது? ராத்திரி முழுக்க அதே நினைப்பில் புரண்டேன். தேறிவிடுவேன் என்று அவ்வளவு உறுதியாக நான் இருந்ததே இல்லை.

அடுத்த வாரம் உச்சமுனையைப் பார்த்துவரக் கற்பிட்டித் துறையில் படகு ஏறினேன். எஞ்சினை இழுக்கப்போகும் நேரத்தில் கமறியா மூச்சு வாங்க ஓடிவந்தார். கையில் துணியால் வாய் கட்டிய ஒரு வாளி.

"உச்சமுனையில எங்கட கூடப் பொறந்த ராத்தா ஈக்கிறா டொக்டர், பெருநாளுக்குப் பொறகுள்ள ஆறு நோன்பு புடிக்கிறா. கஞ்சி காச்சினேன், அவட கையில குடுத்துருங்க. உங்கட மருந்தும் கொஞ்சம் மிச்சம் கெடந்திச்சி, அதையும் போட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் படகு கிளம்பிவிட்டது. களப்பில் காற்று பலமாக இருந்தது. படகு ஒவ்வொரு தடவை சாயும்போதும், மடியில் சூடாக இருந்த வாளியை, சிந்தாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.