மூலவரின் ஹெடர்

அந்த அலுவலகத்தில் கர்னல் குழுவுக்குத் தனி அறை, தனிக் கதவு, தனிக் காபி இயந்திரம். மற்றவர்கள் கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். உள்ளே எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவர் இருபத்திரண்டு வருடங்களாக அந்த அறையை விட்டு வெளியே வந்து யாருடனும் இரண்டு வார்த்தை பேசியதில்லை. அதனால் அவருக்கு மூலவர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. அவர் கோபப்படவில்லை, பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட மனிதர்.

கம்பெனி செய்வது குளிர்கிடங்குச் சுவரில் மாட்டும் ஒரு பெட்டி. உள்ளே எவ்வளவு குளிர், கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று காட்டும். சூடு ஏறினால் கத்தும். பெட்டிக்குள் ஓடும் மென்பொருளின் அடிமடிதான் கர்னல். கருவிகளோடு நேரடியாகப் பேசும் உரிமை அதற்கு மட்டும்தான். திரையில் எண்ணைக் காட்டுகிற, மணியடிக்கிற சாதாரணப் புரோகிராம்கள் எல்லாம் வெளியே நின்று கர்னலிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியவை. கர்னல் தகவலை டிபன் கேரியர் மாதிரி அடுக்கிக் கொடுக்கும். எந்த அடுக்கில் எது இருக்கிறது என்று எழுதிய சீட்டுக்குத்தான் ஹெடர் ஃபைல் என்று பெயர். சீட்டு உள்ளே எழுதப்படும், வெளியே படிக்கப்படும். எழுதுகிறவருக்குப் படிக்கிறவர் கண் வேண்டும். மூலவருக்கு அது இல்லை. வேண்டும் என்று அவர் நினைத்ததும் இல்லை.

திரைப் புரோகிராம் எழுதுகிறவள் கழிப்பறைக்குப் போகும் வழியில் உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்தெட்டு. மூலவரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தங்கை. ஒன்பது வருடங்களுக்கு முன்னால் இவளை வேலைக்கு எடுக்கலாம் என்று மூலவர் ஒரு வாக்கியம் சொன்னார். அதற்குப் பிறகு அந்த ஒரு வாக்கியத்தைத் தான் சொன்னதாக ஒன்பது வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் அவள் அவரை அத்தான் என்பாள், அலுவலகத்தில் சார் என்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் அலுவலகம் அவளை மச்சினி என்றது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு பூக்கிடங்கின் பெட்டி அறுபத்தொரு டிகிரி என்று காட்டிக் கத்தியது. கிடங்குக்காரர் பதறிப்போய், பூக்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, இரண்டு லாரி கொள்ளும் கூடைகளை வெளியே எடுத்து வெயிலில் வைத்தார். கிடங்குக்குள் அப்போது நான்கு டிகிரி. கூடை தூக்கியவர்களின் கை விறைத்தது. யாரும் கையை நம்பவில்லை. பெட்டியை நம்பினார்கள். மத்தியானத்துக்குள் பூக்களெல்லாம் கருகிவிட்டன.

கிடங்குக்காரர் எழுதிய கடிதத்தில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். தப்பு யாருடையது என்று, செய்தவர் கையெழுத்தோடு, வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தர வேண்டும். இல்லாவிட்டால் தன்னுடைய பதினொரு கிடங்குகளிலிருந்தும் பெட்டிகளைக் கழற்றித் தெருவில் வைத்துவிடுவார்.

மேலாளர் விசாரிக்கிற வகை இல்லை. எண் தப்பாக வந்தது திரையில், திரை மச்சினியுடையது. அவருடைய அறிவு அங்கேயே நின்றுவிட்டது. அன்றைக்கே பதில் தயாராகிவிட்டது. திரைப் புரோகிராமில் பிழை, எழுதியவர் ஒப்புக்கொள்கிறார், அவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அடியில் ஒரு கோடு, அவள் கையெழுத்துக்காக.

அவள் தன் புரோகிராமைத் தொட்டுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. பூக்கிடங்குக்குக் கர்னலின் புதுப் பதிப்பு போனதோ திங்கட்கிழமை ராத்திரி. இதைச் சொல்லலாம் என்று கதவைத் தட்டினாள். மூலவர் நாற்காலியைக்கூடத் திருப்பவில்லை. தன் மெஷினில் எல்லாம் சரியாகத்தான் ஓடுகிறது என்றார். கர்னல் மாறும், மாறினால் வெளியே இருப்பவர்கள் சேர்ந்து மாற வேண்டும் என்றார். அப்புறம் திரையைப் பார்த்தபடியே, எட்டுப் பேருக்கும் கேட்கிற மாதிரி, ஒன்று சொன்னார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

சிரிக்கச் சொன்னால் சிரிக்கும் கூட்டம் அது. சிரித்தது. கடைசி மேசைக்காரருக்கு என்ன விஷயம் என்றே தெரியாது, அவரும் சிரித்தார்.

அவள் தன் இடத்துக்கு வந்து கேரியரைப் பிரித்துப் பார்த்தாள். முதல் அடுக்கில் நேரம், இரண்டாவதில் கதவு. இரண்டும் சரி. மூன்றாவது அடுக்கில் வெப்பநிலை இருக்க வேண்டும். இருந்தது அறுபத்தொன்று. கிடங்குக்காரருக்குப் போன் போட்டு, அங்கே ஈரப்பதம் பார்க்கிற கருவி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். கதவுக்குப் பக்கத்தில் ஒன்று தொங்குகிறது என்றார். படிக்கச் சொன்னாள். அறுபத்தொன்று என்று படித்தார்.

பிறகு ஹெடரைத் திறந்தாள். இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் மூலவரின் கைவண்ணம் இருந்தது. கர்னலில் ஈரப்பத வசதியை முடுக்கியிருந்தால் இந்த இடத்தில் இன்னோர் அடுக்கு வரும், இல்லாவிட்டால் வராது. ஒன்பது வருடங்களாக யாரும் அந்த வசதியை முடுக்கவில்லை. திங்கட்கிழமை போன பதிப்பில், பூக்கிடங்குக்கு மட்டும் முடுக்கிவிட்டார்கள். முடுக்கியது கர்னலுக்குத் தெரியும். வெளியே நிற்கிற புரோகிராமுக்கு எப்படித் தெரியும்? அது பழையபடி மூன்றாவதைத் திறந்து, ஈரப்பதத்தை எடுத்து, டிகிரி என்று ஊருக்குக் காட்டியது.

இப்படி நடக்கக் கூடாது என்றுதான் அந்த அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. வெளியே போகிற ஹெடர் எதுவானாலும், கர்னலின் வேறு எந்த ஃபைலும் இல்லாத வெறும் ஃபோல்டரில் அதைத் தனியாகப் போட்டு கம்பைல் பண்ண, அதாவது மெஷின் பாஷைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். உள்வீட்டு நிபந்தனை, உள்வீட்டு ஃபைல் எதையும் அது தேடக் கூடாது. தினமும் சாயங்காலம் ஒரு மெஷின் தானாகவே இந்தச் சோதனையைச் செய்யும். விதியை எழுதியவர் மூலவர். விதிக்கு விலக்குப் பட்டியல் ஒன்றும் இருந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு பெயர், மூலவரின் இந்த ஹெடர். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று குறிப்பு. தேதி ஒன்பது வருடம் பழையது. ஊருக்கெல்லாம் உபதேசம், தன் வீட்டுக் குப்பை கதவுக்குப் பின்னால்.

புதன்கிழமை அக்கா போன் பண்ணினாள். அவர் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார், அலுவலகத்தில் நீ அவரை எதிர்த்துப் பேசினாயாமே என்று ஆரம்பித்தாள். இவள் நடந்ததைச் சொன்னாள். அக்காவுக்குப் பாதி புரிந்தது.

"ஒரு கையெழுத்துதானேடி. போட்டுட்டுப் போயேன். வேற வேலை அவரே பாத்துக் குடுப்பார்."

"ஒன்பது வருஷமா இந்த வேலையைக் குடுத்ததையே சொல்லிக் காட்டறாரு. அடுத்ததையும் வாங்கிக்கிட்டா நான் அவருக்குக் கோயில் கட்டணும்க்கா."

"அவர் தப்புப் பண்ண மாட்டார்டி."

"உனக்குத் தெரியுமா?"

அக்கா, அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூலவர் அறையை விட்டு வெளியே வந்ததே ஒரு செய்தி. மேசை மேல் பூக்கிடங்கில் ஓடுகிற அதே கர்னலோடு ஒரு பெட்டி, அந்த அறையின் குளிரையே அளந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் கடிதம். மூடி கழற்றிய பேனாவைக்கூட மேலாளர் அதன் மேல் வைத்திருந்தார், பந்திக்கு இலை போட்டமாதிரி.

மூலவர் இருபது நிமிடம் பேசினார். அதில் பதினைந்து நிமிடம் கர்னலின் மேன்மை. மீதி ஐந்து நிமிடத்தில், மச்சினியின் ஃபோல்டரில் தான் கண்டுபிடித்த குற்றத்தை வெளியே எடுத்தார். அவருடைய ஹெடர், உள்ளே இருக்கும் இன்னொரு ஃபைலைக் கேட்கிறது. எந்தெந்த வசதி முடுக்கியிருக்கிறது என்று அதில்தான் எழுதியிருக்கும். இவள் அதே பெயரில் ஒன்றுமே எழுதாத ஒரு வெற்று ஃபைலைச் செய்து வைத்து ஒப்பேற்றியிருக்கிறாள். அதனால்தான் ஈரப்பத அடுக்கு இவள் புரோகிராமுக்குத் தெரியவில்லை. இது மோசடி இல்லையா என்று கேட்டார். மேலாளர் பேனாவை அவள் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினார்.

வெற்று ஃபைல் வைத்திருந்தது உண்மை. வெளியே புரோகிராம் எழுதுகிற அத்தனை பேரும் அதைத்தான் செய்தார்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே, கழிப்பறை எங்கே என்று சொல்கிற மாதிரி, இதையும் சொல்லிக்கொடுப்பார்கள்.

அவள் மறுக்கவில்லை. ஒரு லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து மூலவருக்கு முன்னால் வைத்தாள். அதில் கர்னலின் உள் ஃபைல் எதுவும் இல்லை. கம்பெனி வெளியே கொடுக்கிற ஹெடர்கள் மட்டும், ஒரு வெறும் ஃபோல்டர்.

"சார், நான் ஆடத் தெரியாதவ. நீங்க ஆடிக் காட்டுங்க. கேரியரைத் திறந்து வெப்பநிலையை மட்டும் எடுத்துக் காட்டினாப் போதும். பத்து வரி. நீங்க காட்டிட்டா இந்தப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

மறுத்தால் மானம் போய்விடும். மூலவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதினார். பத்து வரி எழுத இருபது நிமிடம் ஆயிற்று. சாதாரணப் புரோகிராம் எழுதி எத்தனை வருடங்களோ, அரைப்புள்ளியை இரண்டு தடவை மறந்தார். கம்பைல் கொடுத்தார். உள் ஃபைல் கிடைக்கவில்லை என்று நின்றது. மறுபடியும் கொடுத்தார், மெஷின் மனசு மாறியிருக்கும் என்று நினைத்தவர் மாதிரி. மறுபடியும் நின்றது.

அந்த ஃபைலை என் மெஷினிலிருந்து கொண்டு வாருங்கள் என்றார். அதை நாம் யாருக்கும் கொடுப்பதில்லை சார், அது உள்வீட்டுச் சாமான் என்று நீங்களே விதியில் எழுதியிருக்கிறீர்கள் என்றாள். இந்த ஒரு தடவைக்குத்தானே என்றார். கொண்டு வரலாம், ஆனால் பூக்கிடங்கில் ஈரப்பதம் முடுக்கியிருக்கிறது, மற்ற பத்தில் இல்லை. புரோகிராம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எந்தக் கிடங்கின் ஃபைலைக் கொண்டு வரட்டும் என்று கேட்டாள்.

மூலவர் பாக்கியிருந்த ஒரே வழியைப் பார்த்தார். எட்டுப் பேரும் பார்த்துக்கொண்டிருக்க, மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெயரில் தன் கையாலேயே ஒரு வெற்று ஃபைலைச் செய்தார்.

இந்தத் தடவை கம்பைல் ஆயிற்று. ஓட்டினார். திரையில் ஐம்பத்தெட்டு என்று வந்தது.

மேலாளர் அவசரமாகச் சுவரைப் பார்த்தார். ஏசி இருபத்து நான்கில் இருந்தது. அங்கே இருந்த ஒருவருக்கும் வியர்க்கவில்லை, ஒருவரைத் தவிர.

"இந்த ரூம் ஐம்பத்தெட்டு டிகிரியா அத்தான்?" என்று கேட்டாள். அலுவலகத்தில் ஒன்பது வருடங்களில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "கூடம் கோணல்தான். நானும் ஒன்பது வருஷமா கோணலுக்குத் தகுந்த மாதிரி ஆடிக்கிட்டிருந்தேன். அதுதான் நான் செஞ்ச தப்பு."

இந்தத் தடவை எட்டுப் பேரும் சிரிக்கவில்லை. கடைசி மேசைக்காரர் சிரிக்கலாமா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

மேலாளருக்குத் திடீரென்று நியாயம் பிறந்துவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அழகாக இருக்குமே என்றார். அவள் அழகு பார்க்கிற நிலையில் இல்லை. திருத்தத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தாள். ஈரப்பதம் கடைசி அடுக்குக்குப் போகும். வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த அடுக்கு இருக்கும், இல்லாத இடத்தில் காலியாக இருக்கும். பழைய புரோகிராம்கள் மேலே இருக்கிற மூன்று அடுக்கைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடும். நிபந்தனை கிடையாது. விலக்குப் பட்டியலும் கிடையாது.

ஹெடர் மூலவருடையது, அதனால் மாற்றத்தை அவர்தான் தன் பெயரில் அனுப்ப வேண்டும். வெளியே இருந்து ஒருவர் அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒருவர் இவள். இதுவும் மூலவர் எழுதிய விதிதான். அனுப்பினார். குறிப்பில் ‘சிறு ஒழுங்குபடுத்தல்’ என்று எழுதியிருந்தார். வீடு எரிந்ததற்குச் சாம்பல் கூட்டினேன் என்று எழுதுகிற ரகம். அவள் திருப்பி அனுப்பினாள். அடுத்ததில் ‘சில சூழல்களில் ஏற்படக்கூடிய குழப்பத்தைத் தவிர்க்க’ என்று இருந்தது. அதையும் திருப்பினாள். மூன்று மணிக்கு மேல், கிடங்குக்காரர் இரண்டு தடவை போன் பண்ணிய பிறகு, மூன்றாவது வந்தது. ‘வெளியே போகும் ஹெடரில் நான் வைத்த நிபந்தனை தவறு. அதைச் சோதிக்காமல் ஒன்பது வருடம் விட்டதும் நான்தான்.’ அதை ஒப்புக்கொண்டாள். அதே இரண்டு வரிகள் கடிதத்திலும் ஏறின. கோட்டுக்கு மேல் மூலவரின் கையெழுத்து விழுந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி.

கிடங்குக்காரர் பெட்டிகளைக் கழற்றவில்லை. இனிமேல் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன் என்று ஒரு வரி பதில் போட்டார். அந்தக் கம்பெனிக்கு அதுவே அதிகம். மேலாளர் பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டார். தானே இவளைக் காப்பாற்றிய மாதிரி ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, பேனாவுக்கு மூடியைப் போட்டார்.

சாயங்காலம் சோதனை மெஷின் ஓடியபோது அவள் தன் ஃபோல்டரிலிருந்த வெற்று ஃபைலை அழித்தாள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக ஹெடர் தனியாக நின்றது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அக்காவின் போன் வந்தது. குரலில் சண்டை இல்லை. என்னவோ ரகசியம் கேட்கிறவள் மாதிரி மெதுவாகப் பேசினாள்.

"ஏண்டி, வந்ததும் வராததுமா, என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்றார். முப்பது வருஷத்துல அந்த மனுஷன் வாயில அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்ல. என்னடி பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலக்கா. அவர் எழுதினதை, வெளியில உக்கார வச்சு, அவரையே படிக்க வச்சேன்."

அக்கா யோசித்தாள்.

"இங்க அடுப்படியிலயும் அவருக்கு ஒரு ஸ்டூல் காலியா இருக்கு," என்றாள்.