தம்ளர் வைத்துப் பார்த்த மெத்தை

மெத்தைக் கடைக்குள் நுழைந்த இரண்டாவது நிமிடமே அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"எத்தனை பேர் படுக்கிறதுக்கு மேடம்? ஒருத்தரா, ரெண்டு பேரா?"

கேட்டவள் கடையின் விற்பனைப் பெண். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மெத்தை விற்கிறவள் வேறு எதைக் கேட்பாள்? ஆனால் கேட்கப்பட்டவளுக்கு அது சாதாரணக் கேள்வி இல்லை. அவள் கணவரைப் பார்த்தாள். அவரோ வாழ்க்கையில் முதல் தடவை மின்விசிறியைப் பார்க்கிற மனிதர் மாதிரி கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல்ல மெத்தையப் பாப்போம்மா. அளவு அப்புறம் சொல்றோம்" என்றார்.

அவருக்குப் பணிமனையில் வைத்த பெயர் பஞ்சு. இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். அவர் பிரேக் போட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் கம்பியைப் பிடிக்க வேண்டாம். வண்டி நின்றுவிட்டது என்பதே ஜன்னல் வழியாகப் பார்த்தால்தான் தெரியும். புதிதாகச் சேருகிற டிரைவர்களிடம் "பஞ்சு மாதிரி போடுங்கய்யா" என்று மேலதிகாரியே சொல்வாராம். அந்தப் பெருமையை அவர் வெளியே காட்டிக்கொள்வதில்லை. வீட்டில் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்வார்.

அப்பேர்ப்பட்ட பஞ்சுதான் எட்டு மாதத்துக்கு முன்னால் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஹால் சோபாவுக்குக் குடிபோனார்.

"நான் மூணு மணிக்கே எந்திரிக்கணும். உன் தூக்கம் எதுக்குக் கெடணும்?" என்றார்.

இருபத்திரண்டு வருடமாக மூன்று மணிக்கு எழுகிற மனிதருக்கு இந்த அக்கறை திடீரென்று எங்கிருந்து முளைத்தது என்று அவள் கேட்கவில்லை. காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். அதற்கு முந்தின வாரம்தான் அவர்கள் மகள், அம்மாவின் குறட்டையைச் செல்போனில் பதிவு செய்து சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் போட்டுக் காட்டியிருந்தாள். மரம் அறுக்கிற மெஷின் கெட்டது போங்கள். மருமகன் மரியாதைக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாதத்தைப் பிசைந்தான். பஞ்சு கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரித்தார்.

அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். குறட்டைக்கு என்ன விற்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? மூக்கின் மேல் ஒட்டுகிற பட்டையில் ஒரு பெட்டி வாங்கினாள். எட்டு மாதமாக அதை ஒட்டிக்கொண்டுதான் படுக்கிறாள். குறட்டை நின்றதா இல்லையா என்று சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

வந்து விடுவார், சோபாவில் எத்தனை நாள் முதுகு தாங்கும் என்று இருந்தாள். இரண்டு நாள் முன்பு அவர் சீருடையைத் துவைக்க எடுத்தபோது சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அவர் கையெழுத்துதான். 'ஹால், ஜன்னல் பக்கச் சுவர். 6 – 3.' ஆறுக்கு மூன்று என்பது ஒற்றைக் கட்டில் அளவு. சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்து அவர் மேஜையில் வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பழைய மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது, லீவு நாளில் போய்ப் புதுசு வாங்குங்கள் என்று மகள் நச்சரித்ததன் பேரில்தான் வந்திருக்கிறார்கள். வாங்கப்போவது யாருக்கு என்பது இன்னும் பேசப்படவில்லை.

விற்பனைப் பெண் வேலையில் கெட்டிக்காரி. இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் நின்று விளக்கினாள். "இது மெமரி ஃபோம். படுத்தா உடம்பு வாக்குக்கு அமுங்கும். இது ஹைப்ரிட். கீழ ஸ்பிரிங், மேல ஃபோம். கொஞ்சம் எதுத்துக் குடுக்கும், எந்திரிக்கச் சுலபம்." பிறகு ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை நிறைத்து ஃபோம் மெத்தையின் ஒரு மூலையில் வைத்தாள். மறு மூலையில் முழங்காலால் ஓங்கி ஒரு குத்து விட்டாள். தண்ணீர் அசையவில்லை.

பஞ்சுவின் கண் விரிந்தது. "இன்னொரு தடவை குத்துங்க."

குத்தினாள்.

"இன்னும் கொஞ்சம் பலமா."

அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. பஞ்சு குனிந்து தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் புரண்டு படுக்கிறதுகூட இந்த மனுஷனுக்குத் தெரியக் கூடாதாக்கும் என்று நினைத்தாள்.

"ரெண்டு பேரும் படுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு விற்பனைப் பெண் காலடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டாள்.

படுத்தார்கள். எட்டு மாதத்தில் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில். அதுவும் பட்டப்பகலில், கடையில், செருப்புக் காலோடு. மெத்தை அவளை மெல்ல உள்ளே வாங்கிக்கொண்டது. அவள் கண்ணை மூடினாள். முகத்தைப் பார்க்காமல் இருந்தால் கேட்டுவிடலாம் போலிருந்தது. கேட்டும் விட்டாள்.

"இங்க பாருங்க. ஹால்ல அளவெடுத்திருக்கீங்க, எனக்குத் தெரியும். ஒத்தக் கட்டில்னா ஒத்தக் கட்டில்னு சொல்லிடுங்க. என் குறட்டைதானே? எட்டு மாசமா மூக்குல பட்டை ஒட்டிட்டுப் படுக்கிறேன். அதுலயும் நிக்கலன்னா டாக்டர்கிட்ட போறேன். ஆபரேஷன்னா கூட பண்ணிக்கிறேன். ஆனா இந்த வயசுல என்னைத் தனியா விட்டுட்டு..."

பதில் இல்லை.

"எதாவது சொல்லுங்க."

"மேடம்" என்றது விற்பனைப் பெண்ணின் குரல், ரொம்பத் தணிவாக. "சார் அந்தப் பக்கம் போய் ரெண்டு நிமிஷம் ஆச்சு."

கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் யாருமில்லை. அவர் எழுந்து போனது இந்தப் பாழாய்ப்போன மெத்தையில் துளிகூடத் தெரியவில்லை. மனசில் எட்டு மாதமாக இருந்ததை ஒன்றுவிடாமல் ஒரு தலையணையிடம் சொல்லியிருக்கிறாள். விற்பனைப் பெண் விலைப்பட்டியலை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தாள், தலைகீழாக.

மானம் போனது போகட்டும் என்று எழ முயன்றாள். ஃபோம் லேசில் விடவில்லை. ஒருவழியாகக் கையை ஊன்றி எழுந்து போய்ப் பார்த்தால், பஞ்சு ஹைப்ரிட் மெத்தையில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில், மனைவி படுக்கிற இடத்தில், கால்மாட்டில் அந்தத் தம்ளர். அவர் தலையைத் தூக்கித் தம்ளரைப் பார்ப்பதும், வலது காலை எடுத்து மெத்தையில் ஓங்கி மிதிப்பதும், மறுபடி தம்ளரைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

பஞ்சு திருட்டு முழி முழித்தார். "பிரேக் போட்டுப் பாக்கறேன்."

"எதுக்கு?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் சொன்னார்.

"எட்டு மாசம் முன்னாடி வண்டிக்குக் குறுக்க ஒரு குழந்தை சைக்கிள்ல வந்துடுச்சு. பிரேக் போட்டேன். ஒண்ணும் ஆகல. வண்டி ஒரு முழ தூரத்துல நின்னுச்சு. குழந்தை என்னைப் பாத்துச் சிரிச்சிட்டுப் போச்சு. ஆனா தூங்கினா கால் இன்னும் பிரேக் போடுது. என்னையறியாமப் போடுது. அந்த வாரம் உன் முழங்காலுக்குக் கீழ நீலம் பாரிச்சிருந்துச்சே, ஞாபகம் இருக்கா? என்னன்னு கேட்டேன். கடையில அட்டைப்பெட்டி இடிச்சிடுச்சுன்னு சொன்ன. என் மனசு கஷ்டப்படும்னு நீ மறைக்கிறன்னு எனக்குத் தெரியாதா?"

அட்டைப்பெட்டிதான் இடித்தது. இருமல் மருந்துப் பெட்டி. மேல் தட்டிலிருந்து சரிந்து நேராக முழங்காலுக்குக் கீழே விழுந்தது. கடை முதலாளியே மஞ்சள் களிம்பு எடுத்துக் கொடுத்தார்.

"அது நிஜமாவே பெட்டிங்க!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

பஞ்சு நம்பாமல் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு நம்பினார். "அதான் ஒத்தக் கட்டில் வாங்கி ஹால்ல போட்டுக்கலாம்னு அளவெடுத்தேன். உன்னைவிட்டுத் தள்ளிப் படுக்க எனக்கு என்ன வேண்டுதலா? இங்க வந்து அந்த ஃபோமைப் பாத்ததும்தான், இதுல படுத்தா காலை உதைச்சாலும் உனக்குத் தெரியாதேன்னு..."

"அப்ப என் குறட்டை?"

"அது என்ன பண்ணுச்சு? சோபாவுல எனக்குத் தூக்கம் வராததே அது கேக்காமத்தான்."

நெஞ்சில் எட்டு மாதமாக உட்கார்ந்திருந்தது இறங்கிப் போயிற்று. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை பெட்டி மூக்குப் பட்டை? அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, தலையில் நங்கென்று ஒரு குட்டு வைக்கவும் தோன்றியது. கடையாயிற்றே என்று இரண்டையும் அடக்கிக்கொண்டாள்.

"சரி, அப்ப அந்த ஃபோமையே எடுத்துடலாம்" என்றார் பஞ்சு. "இதுல பாரு, சிந்துது." ஹைப்ரிட் விரிப்பில் ரூபாய் அகலத்துக்கு ஓர் ஈரம் இருந்தது.

"நான் என்ன தம்ளர் தண்ணியா, சிந்திப் போக?"

அவள் தம்ளரை எடுத்து விற்பனைப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் தானே படுத்தாள். "ம், போடுங்க பிரேக்கை."

பஞ்சு தயங்கித் தயங்கி மிதித்தார்.

"இது பணிமனையில மெச்சுற பஞ்சு பிரேக். தூக்கத்துல போடுவீங்களே, அதைப் போடுங்க."

ஓங்கி மிதித்தார். மெத்தை அவளை ஒரு தடவை லேசாகத் தூக்கிப் போட்டது. அவ்வளவுதான். பக்கத்தில் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தது.

"இதுதான் வேணும்" என்றாள்.

"உன் தூக்கம் கெடுமே."

"கெடட்டும். அந்த ஃபோம்ல நீங்க எந்திரிச்சுப் போனதுகூடத் தெரியாம நான் பாட்டுக்குப் பேசிட்டிருந்தேன். எனக்குத் தெரியணும்."

"என்ன பேசின?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அவள். விற்பனைப் பெண் இருமினாள்.

ரசீதுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு அந்தப் பெண் முதல் கேள்விக்கே திரும்பி வந்தாள். "ஒருத்தருக்கா, ரெண்டு பேருக்கா?"

"ரெண்டு பேருக்கு" என்று இரண்டு பேருமே சொன்னார்கள்.

"பழைய மெத்தையை எங்க ஆளுங்களே எடுத்துட்டுப் போயிடுவாங்க சார். வேற எதாவது கேக்கணுமா?"

பஞ்சு சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். பிரித்து ஒரு தடவை பார்த்துவிட்டு, நாலாகக் கிழித்து மேஜையோரம் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டார்.

"பழைய சோபா எடுத்துப்பீங்களாம்மா?" என்று கேட்டார்.