எட்டாம் எண் பில்லை

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் ஒரு பஸ் டிக்கெட்டைக்கூடத் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை. வாங்கிய கையோடு மனைவியிடம் நீட்டிவிடுவார். அந்தத் துறைமுகக் கோட்டையைப் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான்.

கப்பலில் வந்து ஊரைப் பிடித்தவர்கள் கட்டிய கோட்டை. அதன் அடியில் ஒரு சுரங்கப் பாதை கடல்வரை சரிந்து போகும். கடல் ஏறினால் பாதை கூரைமட்டம் நிரம்பிவிடும். அதனால் உள்ளே போகிறவர்களுக்குக் காவலாளி ஆளுக்கொரு பித்தளைப் பில்லை கொடுப்பார். வெளியே வந்ததும் அதைப் பலகையில் மாட்ட வேண்டும். கொடுத்ததெல்லாம் பலகைக்குத் திரும்பியதும் இரும்புக் கதவைச் சாத்திவிடுவார்.

"ஏழும் எட்டும். பத்திரம்" என்று கணவர் தன் எட்டாம் எண் பில்லையையும் அவளிடம் தந்தார்.

"இதையாவது நீங்க வெச்சுக்கக் கூடாதா?"

"பேசாம என்னையும் உன் பையில போட்டு ஜிப்பை இழுத்துடு. எனக்கும் நிம்மதி."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள்.

திரும்பும்போது அவள் முன்னால் நடந்தாள். பின்னால் கேட்ட செருப்புச் சத்தம் அவருடையது என்றே நினைத்தாள். மேலே வந்ததும் கைப்பழக்கத்தில் இரண்டு பில்லைகளையும் மாட்டினாள். முற்றத்துக் குழாயில் முகம் கழுவிவிட்டு, "நீங்களும் கழுவிக்குங்க" என்று திரும்பினாள். வேறு யாரோ நின்றிருந்தார்.

கழிவறைப் பக்கம் பார்த்தாள். கடைப் பக்கம் ஓடினாள். பிறகுதான் பலகை ஞாபகம் வந்தது.

காவலாளி கதவைச் சாத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அவர் உள்ளே இருக்காரு!"

"பலகையைப் பாருங்கம்மா. ஒண்ணுகூட பாக்கியில்ல. எல்லாரும் வந்தாச்சு."

"எட்டை மாட்டினது நான்தாங்க."

டீ தரையில் கொட்டியது. காவலாளி படிகளில் பாய்ந்து இறங்கினார். அவளும் பின்னாலேயே இறங்கி, இரும்பில் காதை வைத்தாள். தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க! என்னங்க!"

காவலாளி பூட்டில் கை வைத்தார்.

"தண்ணி இடுப்புக்கு மேல ஏறிட்டா கதவு அசையாதும்மா. தள்ளுங்க!"

சக்கரப் பூட்டு சுற்றியது. இருவரும் தோள்கொடுத்துத் தள்ளினார்கள். கதவு ஒரு சாண் நகர்ந்து நின்றது. இடுக்கில் பீறிட்ட தண்ணீர் அவள் புடவையைக் காலோடு சுற்றியது. மறுபடி தள்ளினார்கள். இருட்டுக்குள்ளிருந்து முதலில் ஒரு மடக்குக் குடை நீண்டது. அதைப் பிடித்திருந்த கை பிறகுதான் தெரிந்தது.

"உன் குடையை அங்கயே வெச்சிட்டு வந்துட்ட" என்றார். பல் தந்தியடித்தது.

அவள் அவர் நெஞ்சில் ஓங்கி அடித்தாள். பிறகு அந்த ஈரச் சட்டையையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவர் இருந்த நான்கு வருடமும் தன் டிக்கெட்டைத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். கேட்டாலும் தரமாட்டார். அவளும் கேட்டதில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும்முன், தன் எண் எழுதிய சீட்டை அவளிடம் நீட்டினார்.

"இந்தா, இதை நீ வெச்சுக்க."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வேணாங்க. உங்ககிட்டயே இருக்கட்டும்."