மீன்தொட்டி மேல் இட்லி மாவு

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, சாப்பிடக் கிடைத்தது. 1994 ஜனவரி. நியூ ஜெர்சியில் யார் வீட்டிலும் மாவு பொங்காத குளிர். பிஸ்கட்டவேயில் ஸ்வர்ணா வீட்டில் மட்டும் இட்லி பூவாக இருந்தது. எப்படி என்று கேட்டேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கராஜைக் காட்டினாள்.

2

முதல் தொடக்கம்: பனி பஞ்சு பஞ்சாகப் பெய்துகொண்

(வேண்டாம். இங்கிருந்து எழுதும் எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

இரண்டாவது: ஸ்வர்ணாவின் அப்பா வாஞ்சிநாதன் ஆறு மாதம் தங்க வந்து இறங்கியதும், கூடத்து மீன்தொட்டியைப் பார்த்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "மாப்ளே, சைவம் சாப்பிடற வீட்ல இது என்ன கண்றாவி? ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

இதுவே இருக்கட்டும்.

மாப்பிள்ளை சிவராமகிருஷ்ணன் மீன்களை வாளிக்கு மாற்றினார். தொட்டி கராஜுக்குப் போனது. அங்கே வீட்டின் ஹீட்டிங் கிடையாது. தொட்டிக்குள் ஒரு சின்ன ஹீட்டரைப் போட்டு, சுற்றிலும் தெர்மகோல் ஒட்டி, தன் கம்பளியையும் போர்த்தினார். மீன்கள்* எழுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் பழகியவை. தண்ணீர் ரொம்ப ஆறினால் செத்துவிடும்.

* பன்னிரண்டு. பெயர் வைத்திருந்தார். மாமனார் முன்னால் கூப்பிடமாட்டார்.

3

வாஞ்சிநாதனுக்கும் ஒரு கவலை இருந்தது. வந்ததும் வராததுமாக மாவு அரைப்பதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக மாவு அசையவில்லை. இட்லியைச் சுவரில் அடித்தால் சுவருக்குத்தான் சேதம். ஒருநாள் அரிசி மூட்டை எடுக்கக் கராஜுக்குப் போனவர் தொட்டியின் கம்பளியில் கை வைத்தார். கதகதவென்று இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார்.

மறுநாள் மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. "எல்லாம் கைராசி" என்றார் மகளிடம். தொட்டிக் கண்ணாடியில் மாவு வழிந்த கோட்டை ஸ்வர்ணா ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

(இங்கே எனக்கே சந்தேகம். அவ்வளவு பேசியவர் மீனின் தலைமேல் மாவுப் பாத்திரத்தை வைப்பாரா? இரண்டு வாரம் அந்த இட்லியைத் தின்றவர் வைப்பார்.)

4

ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஐஸ் மழை கொட்டி கரண்ட் போய்விட்டது.

"நாளைக்குத்தான் வருமாம்" என்றாள் ஸ்வர்ணா.

தொட்டியை நகர்த்தவும் முடியாது, அத்தனை கனம். தண்ணீரின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது: எழுபத்திரண்டு, எழுபது, அறுபத்தெட்டு. சிவராமகிருஷ்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது வாஞ்சிநாதன் கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்து, வெந்நீரோடு வந்தார்.

"மாவு கெட்டுடும். அதான்."

"ஐயோ, நேரா ஊத்தாதீங்க மாமா! மீன் குழம்பாயிடும்!"

"சீ, என்ன பேச்சு பேசறீங்க!"

பிறகு வெந்நீரை மூடியுள்ள தூக்குகளில் ஊற்றி மிதக்கவிட்டார்கள். ஆறியதும் எடுத்து, மறுபடி நிரப்பி, மறுபடி மிதக்கவிட்டார்கள். அறுபத்தாறில் நின்றது.

5

முடிவு ஒன்று: மீன்கள் செத்துவிட்டன. (எழுதிக் கிழித்துவிட்டேன். ஸ்வர்ணா இனிமேல் இட்லி போடமாட்டாள்.)

முடிவு இரண்டு: கரண்ட் வந்தது. வாஞ்சிநாதன் கண் கலங்கி, தொட்டியைக் கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லி, மாப்பிள்ளையைக் கட்டிக்கொ

(அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.)

மூன்று: மத்தியானம் மூன்று மணி. வாஞ்சிநாதன் ஒன்பதாவது முறையாக, இரண்டு கையிலும் தூக்கோடு கராஜ் கதவுக்கு வந்தார். சிவராமகிருஷ்ணன் குறுக்கே நின்றார்.

"மாமா, மாவு காலைலயே பொங்கிடுச்சு. இட்லி ஊத்தி சாப்டும் ஆச்சு. இது எதுக்கு?"

வாஞ்சிநாதன் நின்றார். வாயைத் திறந்தார். அவருக்காக நான் நான்கு பதில் எழுதினேன். நான்கையும் படித்துவிட்டு, தான் அப்படிப் பேசுகிறவனில்லை என்கிறார்.

நீங்கள் ஏதாவது சொல்லிக் கொடுங்கள். ரொம்ப யோசிக்க வேண்டாம். தொட்டி அறுபத்தைந்துக்கு வந்துவிட்டது, அவர் கையில் இருக்கும் தண்ணீரும் ஆறிக்கொண்டிருக்கிறது.