முதல் பதிலுக்கான இடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, தலையில் வந்து விழுந்தது. அக்காவும் அவள் மகளும் பேசிக்கொண்டிருந்தால் எனக்கு இந்தத் தலைவலியே இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழை தூறிய ஒரு மாலையில், அக்கா தன் கடையில்

(வேண்டாம். மழையும் இல்லை, மண்ணும் இல்லை. அக்கா வியர்த்துக் கொட்ட ஒரு பிரிண்டரைப் பிரித்துப் போட்டிருந்தாள்.)

2

அக்கா கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவள். கடையின் மேல்தட்டில் திரை உடைந்த மடிக்கணினி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அதில் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் போட்டு, சொந்தபந்தம் பேசிக்கொள்ள ஒரு சமூக வலைத்தளம் நடத்துகிறாள். விளம்பரம் கிடையாது, வேவு கிடையாது. இதேபோல் ஊர் ஊராகப் பலர் நடத்துகிறார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பேசலாம், பிடிக்காவிட்டால் குடிமாறலாம்.

சேர்த்த அன்றே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்: "தனிச்செய்தின்னு அனுப்பினாலும் அது என் மெஷின்லதான் கிடக்கும். நினைச்சா நான் படிக்கலாம். படிக்க மாட்டேன். நம்பிக்கை இல்லாதவங்க தாராளமா வேற இடத்துல கணக்கு வெச்சுக்கோங்க. அங்கிருந்தும் என்னோட பேசலாம்."

3

சண்டை எதற்கு என்று பலவிதமாக எழுதிப் பார்த்தேன். எப்படி எழுதினாலும் ஒருத்தி வில்லியாகிவிடுகிறாள். அடித்துவிட்டேன். மகள் வேலைக்காக வேறு ஊர் போனாள், அம்மாவிடம் பேசுவதில்லை, மாமாவான எனக்கு மட்டும் அதே தளத்தில் தனிச்செய்தி எழுதுகிறாள். அது போதும்.

அவள் எழுதியது:

[                    ]

(வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். பெற்றவளே படிக்காததை உங்களுக்குக் காட்டுவது என்ன நியாயம்?)

4

நேற்று கடைக்குப் போனேன். அக்கா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அவ உனக்கு எழுதறாளாடா?"

"எழுதறா."

"என்னன்னு கேக்கல. சாப்பிடறாளா, தூங்கறாளா, அத மட்டும் சொல்லு."

"நல்லா இருக்காக்கா."

"உனக்குப் பொய் சொல்லவே வராது. கதை எப்படித்தான் எழுதறியோ!"

அவள் கண் மேல்தட்டுக்குப் போய்த் திரும்பியது. கை நீட்டினால் எட்டும்.

"எல்லாருக்கும் வாக்கு குடுத்திருக்கேன். எம்பொண்ணுங்கிறதுக்காக அவளுக்கு மட்டும் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். எனக்கு அவள் மேல் கோபமும் வந்தது, அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

5

முடிவு ஒன்று: அக்கா படித்துவிடுகிறாள். (மாட்டாள்.)

முடிவு இரண்டு: மகள் அம்மாவின் கை எட்டாத வேறொரு தளத்துக்குக் குடிமாறி

இங்கேதான் நின்றுபோனேன். குடிமாறுவது அவளுக்குத் தெரியாத வித்தையா? பிறகு ஏன் இன்னும் அம்மாவின் மெஷினிலேயே எழுதுகிறாள்? அவளையே கேட்டேன். பதில் வந்தது: "அம்மா இன்னுமா படிக்கல, மாமா?"

ஒருத்தி படிக்கட்டும் என்று எழுதுகிறாள், இன்னொருத்தி படிக்காமல் இருப்பதையே பாசம் என்று நினைக்கிறாள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. நடுவில் நான்.

(மகளின் அந்த ஒரு வரியைக் கதையில் சேர்க்கட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.)

6

ஆகவே இதை அக்காவின் தளத்திலேயே, எல்லோரும் பார்க்கும்படி போடுகிறேன். இதைப் படிக்க யாரும் வாக்கை மீற வேண்டியதில்லை.

கீழே பதில் எழுதக் கட்டம் இருக்கிறது. வாசகரே, கதை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பதிலை அவர்கள் இருவரில் ஒருத்தி எழுதட்டும்.