இக்கட்டுக்கு வைத்த விலை

காலை எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. சிவகாசி ஊர் எல்லையில் சாலையோரம் தகரக் கூரை போட்ட தன் ஷெட்டில் காசிராஜன் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கார் கழுவுவது, பாலிஷ் போடுவது, சீட்டுகளைக் கழற்றி உள்பக்கம் முழுக்கச் சுத்தம் செய்வது எல்லாம் அங்கே நடக்கும். எதற்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் அவர் உடனே சொல்ல மாட்டார். வந்த காரைப் பார்ப்பார். வந்தவரின் சட்டையையும் செல்போனையும் பார்ப்பார். ஆள் அவசரத்தில் இருக்கிறாரா என்று பார்ப்பார். பிறகுதான் தொகை வாயிலிருந்து வரும்.

வேலையில் அவர் குறை வைத்ததில்லை. மட்டமான பொருளைப் போட்டு யாரையும் ஏமாற்றியதுமில்லை. விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். “கட்டுப்படியானா குடுக்கான், இல்லைன்னா போறான். இதுல என்ன தப்பு?” என்பார்.

அன்று முதலில் வந்தது ஆசிக்கின் வாடகைக் கார். ஆசிக்குக்கு முப்பது வயது இருக்கும். சொந்தக் காரை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு அருகே உள்ள கார் ஸ்டாண்டில் ஓட்டுகிறவன். கண் சிவந்திருந்தது. இறங்கியவன் பின்கதவைத் திறந்துவிட்டு இரண்டடி விலகி நின்றான். கருகிய தோலும் கந்தகமும் கலந்த வாடை ஷெட் முழுவதும் பரவியது. பின் சீட்டும் கீழே விரித்திருந்த கார்ப்பெட்டும் கறுத்து ஊறிப் போயிருந்தன.

“என்ன தம்பி இது?”

“நேத்துச் சாயந்தரம் அச்சங்குளத்துப் பக்கம் ஒரு பட்டாசு ரூம் வெடிச்சிருச்சு அண்ணாச்சி. சவாரிய எறக்கிவிட்டுட்டு வந்துக்கிட்டு இருந்தேன். மூணு பேரை ரோட்டுல தூக்கிக்கிட்டு நின்னாக. ஆம்புலன்ஸு ஏற்கெனவே ஆள ஏத்திக்கிட்டுப் போயிருச்சாம். விட்டுட்டு வர மனசு வரல.”

“பொளச்சிட்டாகளா?”

“ரெண்டு பேரு பொளச்சுக்குவாகன்னு சொன்னாக. ஒரு ஆளு வழியிலயே…” ஆசிக் முகத்தைத் துடைத்தான். “நாளைக்குக் காலையில கல்யாண டிரிப்பு இருக்கு. பொண்ணு வீட்டுக்காரக ஏறணும். இன்னைக்குள்ள முடிச்சுக் குடுங்க.”

ஷெட்டில் வேலை செய்யும் பாண்டிச்செல்வி துணியைப் பிழிந்துகொண்டே காரின் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஆறு வருடம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலித்துக் கலந்தவள் அவள். அந்த வாடை அவளுக்குப் புதிதில்லை. “சீட்டைக் கழத்தி வெளிய போட்டு நாலு தடவ அலசணும்ணே. சாயந்தரத்துக்குள்ள முடிச்சிரலாம்” என்றாள்.

மூவாயிரம் கேட்கலாம் என்று காசிராஜன் மனதில் ஓடியது. கேட்பதற்கு முன் வழக்கம்போல ஒரு கேள்வி போட்டுப் பார்த்தார். “வேற எங்கயும் காட்டுனீகளா தம்பி?”

“ரெண்டு எடத்துல காட்டுனேன். எட்டிப் பாத்துட்டு முடியவே முடியாதுன்னுட்டாக.”

அந்தப் பதிலில் மூவாயிரம் மறைந்தது. “ஒம்பதாயிரம் ஆகும்” என்றார் காசிராஜன்.

ஆசிக் அவரையே பார்த்தான். “அந்த டிரிப்புல எனக்கு நிக்கிறதே அம்புட்டு வராதே அண்ணாச்சி.”

“வாடையப் பாரு தம்பி. வேற எவனும் கை வைக்க மாட்டேன்னுதான சொன்னான்?”

“அண்ணே, சாமானெல்லாம் சேத்தாலும்…” என்று பாண்டிச்செல்வி வாயெடுத்தாள். காசிராஜன் திரும்பிப் பார்த்த பார்வையில் பேச்சை முழுங்கிக்கொண்டு பக்கெட்டைத் தூக்கினாள்.

ஆசிக்குக்கு வேறு வழியில்லை. அன்று பகல் முழுவதும் பாண்டிச்செல்வி முட்டி போட்டுத் தேய்த்தாள். மூக்கில் முந்தானையைக் கட்டியிருந்தும் இரண்டு தடவை வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். ஐந்து மணிக்குக் கார் பளிச்சென்று நின்றது. அவளுக்கு அன்றும் வழக்கமான கூலிதான். ஒரு ரூபாய் கூடவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கும்போது ஆசிக் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னான். “இனிமே ரோட்டுல யாரு கை காட்டுனாலும் நிறுத்த மாட்டேன் அண்ணாச்சி. நிறுத்துனா எம்பிள்ளைக சோத்துல கை வைக்க வேண்டியிருக்கு.”

காசிராஜன் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் போனது. எம். புதுப்பட்டியில் சரக்கு லாரிக் கம்பெனி வைத்திருக்கும் தங்கப்பாண்டியன், மகளின் நிச்சயதார்த்தத்துக்காகத் தன் புதுக் காரைப் பாலிஷ் போட விட்டிருந்தார். வெளுத்த சந்தன நிறத்தில் தோல் சீட்டு. காசிராஜனே பார்த்துப் பார்த்துத் துடைத்தார். தங்கப்பாண்டியன் கறாரான மனிதர். அவருக்குப் பிடித்துவிட்டால் பத்து லாரிக்காரர்களின் கார்கள் ஷெட்டுக்கு வரும். அதனால் காரைக் கொண்டுபோய் ஒப்படைக்க, வேறு யாரையும் அனுப்பாமல் காசிராஜனே கிளம்பினார்.

புதுப்பட்டிக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது அது கேட்டது. மண்ணுக்கு அடியில் யாரோ கதவை ஓங்கி அறைந்தது போன்ற சத்தம். கண்ணாடிகள் அதிர்ந்தன. சீமைக்கருவேலங் காட்டுக்குப் பின்னால் வெள்ளைப் புகை எழுந்தது. பின்னாலேயே படபடவென்று வெடிகள் பொரிந்தன. காசிராஜன் காரை ஓரங்கட்டி இறங்கினார்.

சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று உள்ளே போய், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அவரைக் கடந்து பறந்தது. அதற்குப் பிறகுதான் இன்னொரு பெண்ணைக் கண்டெடுத்தார்கள். நாலு பேர் ஒரு சாக்கில் வைத்து அவளைச் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். பேர் இருளம்மாள். முதுகிலும் கைகளிலும் சேலை ஒட்டிப் போயிருந்தது. கூட வேலை செய்யும் மாரிசெல்வி அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, “கண்ணத் தொற மதினி, கண்ணத் தொற” என்று கத்திக்கொண்டிருந்தாள்.

“அடுத்த ஆம்புலன்ஸுக்கு அரை மணி நேரம் ஆகுமாம்!” என்று போனில் பேசிய ஒருவர் கூவினார்.

ஒரு வாடகைக் கார் வந்தது. எல்லோரும் கை காட்டினார்கள். அது ஒதுங்கி வேகமெடுத்துப் போய்விட்டது. அடுத்து இன்னொன்று. காசிராஜனே சாலை நடுவில் போய் நின்று கையை விரித்தார். கார் நின்றது. ஓட்டுநர் கண்ணாடியைப் பாதி இறக்கினார். உள்ளே யாருமில்லை.

“ஏத்திக்கிட்டுப் போங்கப்பா, உசுரு ஊசலாடுது!”

ஓட்டுநர் சாக்கில் கிடந்தவளைப் பார்த்தார். அவர் முகமும் வெளிறியது. “என்னால முடியாதுண்ணே. எங்க ஸ்டாண்டுல ஆசிக்குன்னு ஒருத்தன் இப்படித்தான் ஏத்துனான். வண்டியக் கழுவ சிவகாசியில ஒரு ஷெட்டுக்காரன் ஒம்பதாயிரம் உருவிட்டான். எனக்கு இந்த மாசம் தவணையே கட்டல. வேற வண்டியப் பாருங்க.”

கண்ணாடி ஏறியது. கார் போய்விட்டது. அந்த ஷெட்டுக்காரன் தன் முன்னால்தான் நின்றான் என்று ஓட்டுநருக்குத் தெரியாது. அங்கிருந்த யாருக்குமே தெரியாது. காசிராஜன் நடுச்சாலையில் அப்படியே நின்றார்.

மாரிசெல்விதான் ஓரத்தில் நின்ற காரைப் பார்த்தாள். “அண்ணே, அது ஒங்க வண்டிதான? ஏத்துங்கண்ணே!”

“அது… அது என் வண்டி இல்லம்மா.”

சொல்லி முடிப்பதற்குள் சந்தன நிறச் சீட்டு கண்முன் வந்தது. தங்கப்பாண்டியனின் முகம் வந்தது. நாளை மறுநாள் நிச்சயதார்த்தம். சீட்டு பாழானால் ஷெட்டையே விற்றுக் கொடுக்கச் சொல்வாரோ? இருளம்மாள் அப்போது முனகினாள். தண்ணீர் கேட்டாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஆசிக்கும் இப்படித்தானே ரோட்டில் நின்றிருப்பான் என்ற நினைப்பு காசிராஜனின் நெஞ்சில் குத்தியது. அவன் இவ்வளவு நேரம் யோசித்திருக்க மாட்டான்.

“தூக்குங்க!” என்று கத்தியபடி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து மாரிசெல்வியின் குரல் வந்துகொண்டே இருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓட்டினார். இருளம்மாளை உள்ளே கொண்டுபோனார்கள். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு ஒரு நர்ஸ் வந்து, “நேரத்துக்குக் கொண்டு வந்தீங்க. உசுருக்கு ஆபத்து இருக்காது” என்றார். காசிராஜன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பிறகுதான் தங்கப்பாண்டியனுக்குப் போன் செய்தார். அவர் பைக்கில் வந்து இறங்கினார். நேராகப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்காம…”

“கேட்டுக்கிட்டு இருந்தா அந்தப் பிள்ள செத்துருக்கும். எம் மகளுக்கு நிச்சயம் நடக்கப் போற நேரத்துல அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம்.” தங்கப்பாண்டியன் கதவைச் சாத்தினார். “சரி, இதச் சுத்தம் பண்ண எம்புட்டு ஆகும்?”

“ஒங்ககிட்ட நான் ஒண்ணும் வாங்க மாட்டேன்.”

“நான் ஓசியிலயா கேட்டேன்? ஒரு ஆளு பகல் பூரா குனிஞ்சு தேய்க்கணும். சாமான் வாங்கணும். அதுக்கு நாயமான வெல என்னன்னு கேக்கேன், சொல்லு காசி.”

காசிராஜன் வாயைத் திறந்தார். விலை வரவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தொழில் செய்கிறார். எதிரில் நிற்பவர் எவ்வளவு கொடுப்பார் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலையின் விலை என்ன என்று ஒரு நாளும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

தங்கப்பாண்டியன் அவரை உற்றுப் பார்த்தார். “வண்டி கழுவ ஒம்பதாயிரம் வாங்குன ஒரு ஷெட்டப் பத்திக் கார் ஸ்டாண்டுக்காரக பேசிக்கிட்டாக. ஒன் ஷெட்டுதானா அது?”

“ஆமா அண்ணாச்சி” என்றார் காசிராஜன். தலை நிமிரவில்லை.

மறுநாள் காலை காசிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாண்டிச்செல்விக்கு எதிர்ப்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தார். கடையில் வாங்கிய கையுறையையும் முகமூடியையும் முதலில் அவளிடம் கொடுத்தார். சீட்டைக் கழற்றினார்கள். நுரை போட்டுத் தேய்த்தார்கள். துடைத்து, காய வைத்து, மறுபடி தேய்த்தார்கள். பதினோரு மணிக்கு அவருக்குக் குமட்டியது. மத்தியானம் இடுப்பு நிமிர மறுத்தது.

“பாண்டிச்செல்வி, இதுக்கு என்ன வாங்கலாம்? நீயே சொல்லு.”

அவள் நம்பாமல் பார்த்தாள். “நான் சொன்னா திட்டுவீகளே.”

“திட்ட மாட்டேன். சொல்லு.”

“சாமானு எழுநூறு ஆச்சு. கரண்டு, தண்ணி, ஒங்க எட வாடகை, ஒங்களுக்கு நிக்கிறது எல்லாம் சேத்து ஆயிரம் வச்சுக்கோங்க. எனக்கு…” சற்றுத் தயங்கிவிட்டுத் துணிந்து சொன்னாள். “மத்த நாளு கூலி இதுக்குப் பத்தாதுண்ணே. எழுநூறு வேணும். இந்த வாடையில ஒக்காந்து தேய்க்கிறது லேசில்ல. அன்னைக்கு ராப்பூரா எனக்குச் சோறு எறங்கல.”

“ரெண்டாயிரத்து நானூறு.” காசிராஜன் அந்தத் தொகையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். யாருக்கும் அதில் நட்டமில்லை. சாயங்காலம் தங்கப்பாண்டியன் அதைக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துப் போனார்.

அடுத்த நாள் காசிராஜன் கார் ஸ்டாண்டுக்குப் போனார். வேப்பமர நிழலில் ஏழெட்டு ஓட்டுநர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது. அவர் நேராக ஆசிக்கிடம் போய், சட்டைப் பையிலிருந்து ஆறாயிரத்து அறுநூறு ரூபாயை எடுத்து நீட்டினார்.

“அந்த வேலைக்கு நாயமான வெல ரெண்டாயிரத்து நானூறுதான் தம்பி. மிச்சம் ஒன்னோடது. வாங்கிக்கோ.”

ஆசிக் பணத்தைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

“ரூவாயத் திருப்பித் தாறீக அண்ணாச்சி. ஆனா போன வாரம் ஒருத்தரு ரோட்டோரத்துல ஆக்ஸிடென்ட்ல கெடந்தாரு. கை காட்டுனாக. நான் நிறுத்தல. கண்ணாடியில பாத்துக்கிட்டே போயிட்டேன். அவரு இருக்காரா இல்லையான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அத எப்படித் திருப்பித் தருவீக?”

காசிராஜன் பணத்தை அவன் பக்கத்தில் வைத்தார். நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அத என்னால திருப்பித் தர முடியாது தம்பி. அந்தப் பாவம் ஒன்னோடது இல்ல, என்னோடது. இனிமே என் ஷெட்டுல எந்த வேலைக்கு எம்புட்டுன்னு எல்லாருக்கும் தெரியிற மாதிரி எழுதி வச்சிருப்பேன். வாடகைக் கார் ஓட்டுறவனுக்கும் அதுதான், கலெக்டருக்கும் அதுதான். அடிபட்டவுகள ஏத்துன வண்டின்னா எனக்கு லாபம் வேண்டாம். சாமானுக்கும் பாண்டிச்செல்வி கூலிக்கும் மட்டும் குடுங்க. ஆனா தயவு செஞ்சு நிறுத்துங்க, ஏத்துங்க. செஞ்ச வேலைக்குத்தான் வெல வாங்கணும். ஒருத்தன் வழியத்து நிக்கிறதப் பாத்து வெலய ஏத்துனா, அந்தக் காச அவன் மட்டும் குடுக்கல. அடுத்து ரோட்டுல கெடக்குறவன் உசுரக் குடுக்கான்.”