பத்து அயனும் ஒரு கிட்டாரும்

1

இந்தக் கதை எனக்கு அக்கரப்பத்தனை பஸ்ஸில் கிடைத்தது. பக்கத்து சீட்டில் இருந்த கஜேந்திரன் தன் கதையைச் சொல்லிவிட்டு, “எழுதுங்க சார், ஆனா ஒண்ணுங் கூட்டாதீங்க” என்றான். கடைக் கணக்கில் கூட்டியே வளர்ந்த வீட்டுப் பிள்ளையான என்னிடம் கேட்கிற காரியமா இது? ஒரே ஒரு இடத்தில் கூட்டியிருக்கிறேன். வரும்போது சொல்கிறேன்.

2

‘பனி மூடிய மலையிலிருந்து ஒரு கிட்டாரின் விம்மல்—’

(வேண்டாம். எங்கள் பக்கத்தில் பனியை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.)

‘1998. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த கஜேந்திரனிடம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஓர் அறையும், நுவரெலியா ஹோட்டல் ஒன்று கழித்துவிட்ட வால்வு ஆம்ப் என்கிற பழைய கிட்டார் ஒலிபெருக்கியும் இருந்தன.’

இது பரவாயில்லை.

3

கொழும்பு இசைக்குழு ஒன்று கிட்டார் வாசிப்பவரைத் தேடியது. கேசட் திங்கட்கிழமைக்குள் வந்து சேர வேண்டும். பத்து வருஷமாகக் காத்திருந்தவனுக்கு வந்த முதல் அழைப்பு.

ஆம்ப்பின் முன்னால் மைக்கை வைத்து, இரண்டையும் கம்பளியால் மூடிப் பகலில் பதிவு செய்தான். தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். மாலையில் வாசித்தான். அதே கிட்டார், அதே மைக், ஆனால் தேன்! எல்லா வீட்டிலும் லைட்டும் டீவியும் போட்டதும் கரண்ட் இறங்குகிறது. இறங்கினால்தான் அந்த வால்வு ஆம்ப் இனிக்கிறது.* ஆனால் மாலையில் லயத்துச் சத்தம் முழுக்க மைக்கில் விழும்.

* பதிவுப் பெட்டி பேட்டரியில் ஓடியது, அதற்குக் கவலையில்லை.

ஆகவே பகலிலேயே கரண்டை இறக்க, ஞாயிறன்று வீடு வீடாகப் போனான். மற்றவர்கள் ‘அணைச்சு வைங்க’ என்று கெஞ்சுவார்கள். இவன் ‘போட்டு வைங்க’ என்று கெஞ்சினான்.

“அக்கா, அயன நாலு நிமிஷம் போட்டு வைங்க. மூச்சு மட்டும் விடாதீங்க.”

“சும்மாவாடா எரியவிடுறது?” என்றாள் பக்கத்து அறை அழகம்மா. “ஒஞ் சட்டையக் குடு, தேச்சிக்கிட்டாவது இருக்கேன். கொழும்புக்குக் கசங்கியா போவ?”

பத்து அயன்கள் சூடேறின. (ஆறு. கூட்டியது இங்கேதான்.)

4

அழகம்மாவைப் பொறாமைக்காரியாக்கினால் கதை எடுப்பாக இருக்கும். எழுதியும் பார்த்தேன். மூன்றாம் வரியிலேயே அவள் அவனுக்குச் சாயத் தண்ணி, அதாவது பாலில்லாத டீ, ஊற்றிக் கொடுத்துவிட்டாள். கிழித்துப் போட்டேன்.

மூன்றாவது நிமிஷம். லயமே வாயைப் பொத்திக்கொண்டிருக்க, கிட்டார் தேனாக ஒழுக, சுவருக்கு அப்பால் தன்னை மறந்து அழகம்மா:

“எம் புள்ள என்னமா வாசிக்கிறான் பாரேன்!”

அத்தனையும் கேசட்டில் ஏறிவிட்டது. கடைசித் தந்தி அடங்கவும் லயத்துப் பியூஸ் போகவும் சரியாக இருந்தது. ஆள் வந்து சரிபார்க்கச் செவ்வாய் ஆகுமாம்.

5

முடிவு ஒன்று: தகரக் கேசட்டை அனுப்புகிறான். சுத்தமான பதிவு, அவன் கைவண்ணம்தான் அதில் இல்லை.

முடிவு இரண்டு: தேன் கேசட்டை அனுப்புகிறான். கொழும்பில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டு அவனைக் கூப்பிடு—

எதை அனுப்பினாய் என்று நான் கேட்பதற்குள் அவன் இறங்குமிடம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கொழும்பு பஸ்ஸில் பொட்டலத்தை ஏற்ற அறையிலிருந்து புறப்படுகிற நேரம். அவன் கையில் இரண்டு கேசட். அழகம்மா வாசலில் வந்து நின்றாள்; உள்ளே வரவில்லை.

“தம்பி, வாய் தவறி ஒரு வார்த்த வந்திருச்சு. அதுல விழுந்திருச்சாடா?”

கஜேந்திரன் சொன்னான்:

“                                        ”

இடம் விட்டிருக்கிறேன். நீங்களே நிரப்புங்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிரப்ப வேண்டும்.